ஆமாம் சாமி போடுவதும் ஆபத்துதான்: பிரமையில் இருப்பவரிடம் செய்யக்கூடாத தவறுகள்

என் சித்தி மகன் பஸ் டிக்கெட் சேர்க்க ஆரம்பித்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பெங்களூரில் அல்சூரிலிருந்து மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பிஎம்டிசி டவுன் பஸ் டிக்கெட்டுகள். நீளமான நோட்டு ஒன்றில் செலோடேப் போட்டு வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் கடைசி மூன்று எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தான். பக்கத்தில் பொடி எழுத்தில் அர்த்தம். "417: காத்திரு." "092: கவனிக்கிறார்கள்." கண்டக்டர்கள் தனக்கு மட்டும் ரகசியமாக உத்தரவு தருகிறார்கள் என்பது அவன் கணக்கு. அப்போது அவனுக்கு 26 வயது. வேலையை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. ராத்திரியில் இரண்டு மணி நேரம் தூங்கினால் பெரிது.

நோட்டோடு நிற்கவில்லை. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்காக ஏரியா பசங்க வைத்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில் போட ஆரம்பித்தான். முதலில் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. அப்புறம் "பாஸ், இன்னிக்கு என்ன ஆர்டர்?" என்று கேட்டார்கள். ஒருத்தன் எங்கேயோ ஒரு புது சிம் வாங்கி, 'தலைமையகம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, தனியாக மெசேஜ் அனுப்பினான்: "ராத்திரி மூணு மணிக்கு மெஜஸ்டிக் வா. ஆள் வருவார்."

இவன் போனான். டிசம்பர் குளிரில், ஸ்வெட்டர்கூட இல்லாமல், பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தான். ஐந்தரை மணிக்கு "பணி ஒத்திவைப்பு" என்று இன்னொரு மெசேஜ். பசங்களுக்கு விஷயம் அதோடு முடிந்தது, ஒரு வாரம் சிரித்தார்கள். வீட்டுக்குத் திரும்பியவன் என்னிடம் சொன்னது இது: "இவ்ளோ நாளும் நம்பர் மட்டும்தான் வந்துச்சு. இப்போ நேராவே பேசறாங்க அண்ணா."

இந்த ஒரு வாக்கியத்தில் நான் சொல்ல நினைக்கும் விஷயம் மொத்தமும் இருக்கிறது. பிரமையில் இருக்கும் ஒருவருக்கு நாம் போடும் ஒவ்வொரு பதிலும் ஒரு சாட்சி. கிண்டலாகப் போட்டாலும், பாவம் பார்த்துப் போட்டாலும், சாட்சி சாட்சிதான்.

டாக்டர்கள் இதை டெலூஷன் என்பார்கள். தமிழில் மருட்சி, பிரமை என்றெல்லாம் எழுதுகிறார்கள். காதில் இல்லாத குரல் கேட்பது வேறு, அது ஹாலுசினேஷன். இது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் அசையாத ஒரு நிச்சயம். மனச்சிதைவு, இருமுனை மனநோய், கடுமையான மனச்சோர்வு, சில போதைப் பொருட்கள், சில மூளைக் கோளாறுகள் என்று பல வழிகளில் இது வரலாம். 'இது முக்கியம், இதைக் கவனி' என்று மூளை முத்திரை குத்தும் வேலையில் டோபமின் என்ற மூளை ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த முத்திரை கண்ட இடத்தில் எல்லாம் விழ ஆரம்பிக்கிறது என்பது மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். நமக்கு வெறும் டிக்கெட். அவனுக்கு அந்த எண் பளிச்சென்று எரிகிறது. எரிவதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அதனால் மனசு ஒரு கதை கட்டுகிறது.

கதைக்கான சாமான்களை அந்தந்தக் காலம் தருகிறது. 1797இல் லண்டனின் பெத்லம் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ், ஒரு கும்பல் பெரிய தறி போன்ற இயந்திரத்தை மறைவாக வைத்து, காற்றின் வழியாகத் தன் மனதை ஆட்டிவைக்கிறது என்று நம்பினார். ஆலைகளும் வாயு ஆராய்ச்சியும் பேச்சாக இருந்த காலம் அது. பிறகு ரேடியோ வந்தது, டிவி வந்தது, உடம்புக்குள் சிப் வந்தது. இப்போது போன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மாத்யூஸின் இயந்திரம் அவர் எழுதியதற்கு ஒருநாளும் பதில் போட்டதில்லை. இன்றைய போன் போடும், நீல டிக்கோடு.

"சும்மா ஜாலிக்குத்தானே"

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. 'தலைவா, நீங்கதான் அடுத்த சிஎம்' என்று கமெண்ட் போடுபவர், பேட்டி எடுக்கிறேன் என்று மைக்கை நீட்டி உசுப்பேற்றுபவர், பொய் அக்கவுண்ட்டில் ரகசியக் காதலியாகப் பேசுபவர், எல்லோரும் இதில் சேர்த்தி. நூறு பேர் பார்க்கிறார்கள், அதில் தொண்ணூறு பேர் சிரிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பிரமையில் இருப்பவருக்குச் சிரிப்பு தெரியாது. நூறு பேர் வந்தது மட்டும் தெரியும்.

இதை ஆராய்ச்சி என்ற பெயரிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 1959இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர், தன்னைக் கிறிஸ்து என்று நம்பிய மூன்று நோயாளிகளை ஒரே வார்டில் சேர்த்துவைத்தார். ஒருவரையொருவர் பார்த்தால் தெளிவு வரும் என்பது எண்ணம். வரவில்லை. அடுத்து, அவர்களில் ஒருவர் தனக்கு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட மனைவியின் பெயரில் அவருக்கு வரிசையாகக் கடிதங்கள் எழுத வைத்தார். அந்த மனிதர் கடிதத்தை நம்பினார், உருகினார், கடைசியில் கலங்கிப்போய் ஒதுங்கினார். மூவரில் ஒருவருக்கும் பிரமை தீரவில்லை. பல வருடம் கழித்து ரோக்கீச்சே, அறிவியலின் பெயரால்கூட அப்படி விளையாடத் தனக்கு உரிமை இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். படித்த பேராசிரியர், நல்ல நோக்கத்தோடு செய்தது. புது சிம் வாங்கிய பையனுக்கு அந்த நோக்கமும் கிடையாது.

நல்லதுக்குச் சொல்லும் பொய்

குரூப் பசங்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. எங்கள் வீட்டில் நடந்தது அதைவிட மோசம். 'உன்னைப் பத்தி மேலிடத்துல பேசிட்டோம், மாத்திரை போட்டாதான் வேலையில சேர்ப்பாங்களாம்' என்று மாமா ஒருவர் சொல்லிப் பார்த்தார். மூன்று நாள் மாத்திரை போட்டான். நான்காம் நாள் வேலை எங்கே என்று கேட்டான்.

அப்புறம் சித்தி மாத்திரையைப் பொடித்துக் காபியில் கலக்க ஆரம்பித்தார். நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான், சித்தியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தனக்கு யாரோ எதையோ கலந்து கொடுக்கிறார்கள் என்ற பயம் இந்த நோயில் அடிக்கடி வரக்கூடியது. நாம் உண்மையிலேயே கலந்து கொடுக்கிறோம். ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம், கடையில் தானே வாங்கி, தானே பிரித்த பிஸ்கட் பாக்கெட்டைத் தவிர எதையும் சாப்பிடவில்லை. அவன் பயந்தது பொய்யில்லை என்று நாங்களே நிரூபித்துக் கொடுத்திருந்தோம்.

வாதம் செய்வது

பயனில்லை. டிக்கெட் மெஷின் எப்படி எண் போடுகிறது என்று நான் அரை மணி நேரம் விளக்கினேன். "உங்களையும் சேத்துட்டாங்களா அண்ணா?" என்று கேட்டான்.

'நீ சொல்றதுதான் கரெக்ட்' என்று சேர்ந்துகொள்பவர்கள்

இவர்கள் கிண்டல் செய்வதில்லை, அதனால்தான் இவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தன்னை ஒரு கூட்டம் பின்தொடர்கிறது என்று நம்புகிற பலர் இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக் குழுவாகக் கூடுகிறார்கள். தனிமையில் வாடியவருக்கு அங்கே கிடைக்கும் ஆறுதல் நிஜமானது. ஆனால் அங்கே நுழைவுச் சீட்டே அந்த நம்பிக்கைதான். சந்தேகப்பட்டால் எதிரியின் ஆள். 'இது ஆன்மீக விழிப்பு, மாத்திரை அதை மழுங்கடிச்சிடும்' என்று சொல்லும் குருமார்களும் இந்த ரகம்தான். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். சிகிச்சை தாமதமாகத் தாமதமாகக் குணமாவதும் கடினமாகிறது.

ஒருவரின் பிரமை நெருங்கியவருக்கும் ஒட்டிக்கொள்வதை 1877இலேயே லாசேக், ஃபால்ரே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். இருவரையும் பிரித்து வைத்தால் ஒட்டிக்கொண்டவருக்குப் பெரும்பாலும் தெளியும் என்பார்கள். அந்தக் காலத்தில் வேறு வீட்டுக்கு அனுப்பினால் போதும். போனை எந்த வீட்டுக்கு அனுப்புவது?

ஏஐ சாட்பாட்டும் இதே ஆமாம்சாமி வேலையைச் செய்யக்கூடும். 2021 கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டைக்குள் குறுக்குவில்லோடு நுழைந்து, ராணியைக் கொல்ல வந்ததாகச் சொன்ன இளைஞர், அதற்கு முன் ஒரு சாட்பாட்டிடம் தன்னைக் கொலையாளி என்று சொல்லியிருந்தார். அது அவரைப் பாராட்டியது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனமே, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு சாட்ஜிபிடி அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று அதைத் திரும்பப் பெற்றது. தூக்கம் கெட்டு, ராத்திரி முழுக்க அதனோடு மட்டும் பேசும் ஒருவர் வீட்டில் இருந்தால் கவனியுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்

அவர் எழுதியதைப் படம் பிடித்து நாலு பேருக்குப் பரப்புவதைப் பற்றி ஒன்றே ஒன்று. குணமான பிறகு அவர் மேலே ஸ்க்ரோல் செய்து பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். விநோதமாகத் தெரிவதெல்லாம் பிரமை ஆகிவிடாது. எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது சாமி வந்து ஆடும் அக்கா மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். ஊரே பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையை மனநல மருத்துவமும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அதேபோல, புருஷனைச் சந்தேகப்படுகிறாள் என்று ஒரு பெண்ணை டாக்டரிடம் இழுத்துப் போவதற்கு முன், அவர் சொல்வது உண்மையா என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். அரசியலில் நமக்குப் பிடிக்காததைப் பேசுபவரை 'மெண்டல்' என்பதும் நிஜமாக நோயில் இருப்பவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை.

சரி, என்னதான் பேசுவது? கதைக்குள் போகவும் வேண்டாம், கதையை உடைக்கவும் வேண்டாம். கதையைச் சுமப்பவரைப் பாருங்கள். பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஒரு டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது கிட்டத்தட்ட இதுதான்: "எனக்கு அந்த நம்பர்ல ஒண்ணும் தெரியலடா. ஆனா நீ ராத்திரி பூரா முழிச்சுப் பயந்துட்டு இருக்கேன்னு தெரியுது. அது கஷ்டம்." பொய் இல்லை, சண்டையும் இல்லை. தம்பி டாக்டரிடம் வரச் சம்மதித்தது தூக்கத்துக்காகத்தான், டிக்கெட்டுக்காக இல்லை. அந்தக் கதவு திறந்திருந்தது, நாங்கள்தான் பல மாதம் வேறு கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

குரூப்பில் இப்படி ஒருவர் எழுத ஆரம்பித்தால் அங்கே பதில் போடாதீர்கள். திடீரென்று தூக்கிவிட்டாலும் அது சதியின் இன்னொரு அத்தியாயம் ஆகிவிடலாம். அவர் வீட்டில் யாரையாவது தெரிந்தால் போனில் சொல்லுங்கள். வீட்டுக்காரர்கள் அந்தப் பதிவுகளைத் தேதியோடு எடுத்து வைத்து டாக்டரிடம் மட்டும் காட்டலாம், எப்போது தொடங்கியது, எப்படி மாறியது என்று அவர் பார்ப்பதற்கு உதவும். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14416. டெலிமானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, நாள் முழுக்க இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸில் அவசரப் பிரிவு ராத்திரியிலும் திறந்திருக்கும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு வந்தால் 112ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலச் சட்டத்தில் எங்களுக்கு உதவிய ஒரு விஷயம் உண்டு. தெளிவாக இருக்கும்போதே, நோய் வந்தால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தனக்காக யார் பேச வேண்டும் என்று ஒருவர் எழுதிவைக்கலாம். தம்பி தேறிய பிறகு உட்கார்ந்து எழுதினான். முதல் வரி: காபியில் எதையும் கலக்கக்கூடாது.

இப்போது இரண்டு வருடமாக மாத்திரை போடுகிறான், சிவாஜிநகரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்க்கிறான். பஸ்ஸில் டிக்கெட் வாங்கியதும் பார்க்காமல் மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். போன மாதம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கேட்டான், "அந்தத் தலைமையகம் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

தெரியும். எங்களுக்கு அடுத்த தெரு. தம்பியைப் பார்த்தால் இன்றும் வண்டியை நிறுத்தி, நன்றாக இருக்கிறாயா என்று விசாரித்துவிட்டுத்தான் போகிறான். இன்னும் நான் பதில் சொல்லவில்லை.