வாட்ஸ்ஆப்பில் வரும் உத்தரவுக்கும் தன்பதிவேடு போடுங்கள்

வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் மாவட்டக் குழு, வட்டக் குழு, தேர்தல் குழு, பேரிடர் குழு, அப்புறம் திட்டத்துக்கு ஒன்று என்று வாட்ஸ்ஆப் குழுக்கள் வரிசையாக நிற்கும். இதுபோக மின்னஞ்சல், கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் இ-ஆபீஸ், 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்புப் பிரிவு மனுக்கள் வேறு.

எங்கள் பிரிவில் ஒரு முதியோர் உதவித்தொகை மனுவுக்குக் கூடுதல் விவரம் கேட்டு இரவு எட்டு மணிக்குக் குழுவில் ஒரு வரி வந்தது. அதன் கீழே பிறந்தநாள் வாழ்த்து, ஆய்வுக் கூட்டப் படங்கள், வரிசையாக 'நோட்டட் சார்'. நானும் 'நோட்டட் சார்' போட்டேன், மறந்தும் போனேன். மூன்று வாரம் கழித்து அந்த அம்மா வந்து என் மேசை முன்னால் நின்றார். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

காகிதத் தபாலில் இப்படி நடப்பது கஷ்டம். தபால் வந்தால் எண் விழும், பகிர்மானப் பதிவேட்டில் ஏறும், பிரிவு உதவியாளர் தன்னிடம் வந்ததை எழுதிவைக்கும் தன்பதிவேட்டுக்கு வரும், பதில் போகும்வரை அந்த வரி முடியாமலே கிடக்கும். வாட்ஸ்ஆப்பில் அந்தப் பதிவு கிடையாது, அதை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். தேதி, கேட்டது யார், என்ன கேட்டார், எப்போதைக்குள், அனுப்பிய நாள் என்று ஐந்து கட்டம் போதும். நோட்டில் எழுதிய பிறகுதான் 'நோட்டட்' போட வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து போன். உத்தரவு வரும் இரண்டு மூன்று குழுக்களை மேலே பின் செய்துகொண்டு மற்றதையெல்லாம் மியூட்டில் போடுங்கள், எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என மூன்று வசதி இருக்கிறது. படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். காலை பத்து, மதியம் ஒன்று, மாலை நாலரை என்று மூன்று வேளை குழுக்களைப் பார்த்தால் நடுவில் கோப்பைப் படித்துக் குறிப்பு எழுத முடியும். அதிகாரியிடமும் நேராகவே சொல்லிவிடுங்கள்: "சார், குழுவை மூணு வேளை பார்த்துடறேன், அவசரம்னா ஒரு போன் பண்ணுங்க." பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை முடியும்வரை, பேரிடர் குழுவை மட்டும் மியூட் செய்யவே கூடாது.

ஒரே புள்ளிவிவரத்தை மூன்று குழுவில் மூன்று படிவத்தில் கேட்பார்கள். எக்செல்லில் மூலப்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அதிலிருந்தே எடுத்துக் கொடுங்கள், இல்லையென்றால் மூன்றிலும் வேறு வேறு எண் போய் அதற்கு விளக்கம் எழுத இன்னொரு நாள் போகும்.

மாறுதல் வந்தால் நிலுவை வரிகளைச் சிவப்பு மையில் சுழித்து, நோட்டைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்து, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.