முடி நட்ட தலையைக் கழுவப் பயப்படாதீர்கள்

சென்னையில் ஒரு முடி மாற்று சிகிச்சை மையத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் அறையில் டாக்டருக்கு உதவுவது பாதி வேலை. நட்ட தலையை முதல் தடவை அலசிவிட்டு, வீட்டில் எப்படி அலச வேண்டும் என்று கற்றுக்கொடுத்து அனுப்புவது மீதி. புதிதாக வருகிறவர்கள், போன வருடம் வந்தவர்கள் செய்த அதே தவறுகளைத்தான் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிகரெட், மது, வெயில், ஜிம் பற்றியெல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்லும் நாள் கணக்கும் உங்கள் டாக்டர் சொன்ன நாள் கணக்கும் வேறாக இருந்தால் டாக்டர் சொன்னதையே கேளுங்கள். உங்கள் தலையைப் பார்த்து நட்டவர் அவர்.

தண்ணீரே படாமல் வைத்திருப்பது

எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் தவறு இது. சில வாரங்களுக்கு முன்பு திருப்பூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நட்டு இரண்டு வாரம் தாண்டியிருந்தது. முதல் அலசலை எங்களிடம் முடித்துக்கொண்டு ஊருக்குப் போனவர், அதற்கப்புறம் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. தொப்பியைக் கழற்றினால் முன்தலை முழுக்க ஒரே பொருக்கு. "சிஸ்டர், ஒரு முடிகூடப் போயிடக் கூடாதுன்னு பத்திரமா வெச்சிருந்தேன்" என்றார். பச்சைப் புண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று அவருடைய அம்மாவும் கூடவே இருந்து காவல் காத்திருக்கிறார். பொருக்குக்கு அடியில் இரண்டு இடத்தில் சீழ். நெற்றியோரம் ஒரு இடத்தில், நாலாம் நாள் தூக்கத்தில் அரிப்புத் தாங்காமல் நகம் பட்டுப் பொருக்கு பெயர்ந்து ரத்தம் வந்திருக்கிறது. அங்கே இருந்த கிராஃப்டுகள் (பின்னந்தலையிலிருந்து வேரோடு எடுத்து நட்ட முடிகள்) பொருக்கோடு போய்விட்டன என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. லட்சக்கணக்கில் செலவு செய்து, ஒரு முழு நாள் குப்புறவும் மல்லாந்தும் படுத்துக் கிடந்து வாங்கிய முடி அது.

பொருக்கு ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தப் பயம் போய்விடும். ஒவ்வொரு கிராஃப்டும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கீறலில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கீறலிலிருந்து கொஞ்சம் ரத்தமும் நீரும் கசிந்து முடியைச் சுற்றிக் காய்கிறது. தினமும் அலசினால் அது மெல்லிய பொட்டாகவே இருந்து, பத்து நாளில் உதிர்ந்துவிடும். அலசாமல் விட்டால் அதன்மேல் வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்துப் பொருக்குகள் ஒன்றாகி ஒரு தகடுபோல் ஆகிவிடும். அடியில் கிருமிக்கு வசதியான இடம். மேலே தாங்க முடியாத அரிப்பு.

அமெரிக்காவில் பெர்ன்ஸ்டீன், ராஸ்மன் என்ற இரண்டு டாக்டர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நட்ட முடியையும், முடியோடு ஒட்டிய பொருக்கையும் ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு நாள் முடியைப் பிடித்து இழுத்தாலே கிராஃப்ட் வந்துவிட்டது. பிறகு அந்த ஆபத்து வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒட்டிய பொருக்கை இழுத்தபோது ஐந்தாம் நாள் வரைக்கும் கிராஃப்ட் கூடவே வந்தது. ஒன்பதாம் நாளில் எதை இழுத்தாலும் வரவில்லை. அதாவது பொருக்கு இல்லாத தலை சீக்கிரமே பத்திரமாகிவிடுகிறது. பொருக்குள்ள தலைதான் கூடுதல் நாள் ஆபத்தில் இருக்கிறது. தண்ணீர் படாமல் காத்தவர்கள், காப்பாற்ற நினைத்ததையே ஆபத்தில் வைத்திருந்தார்கள்.

இந்தப் பயம் வலுப்பட இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாம் நாள், நாலாம் நாள் நெற்றி வீங்கும். சிலருக்குக் கண் இமை வரைக்கும் இறங்கும். முதல் அலசலும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. "கழுவினேன், தண்ணி உள்ள போய் முகம் வீங்கிருச்சு" என்று போன் வரும். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டபோது தோலுக்கடியில் செலுத்திய திரவம் மெல்லக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். தலையணையை உயர்த்திச் சாய்ந்து படுங்கள். சில நாளில் வடிந்துவிடும்.

எப்படி அலசுவது? சோறு காய்ந்து ஒட்டிய பாத்திரத்தைச் சுரண்டாமல் ஊறவைப்பதுபோல, முதலில் ஊற வேண்டும். முதல் நாட்களில் கொடுத்த சலைன் ஸ்ப்ரேயைச் சொன்ன இடைவெளியில் அடித்துக்கொண்டே இருந்தால் பொருக்கு இறுகாது. அலசும்போது பேபி ஷாம்பூவையோ டாக்டர் எழுதிய ஷாம்பூவையோ ஒரு மக் தண்ணீரில் கலக்கி நுரையாக்குங்கள். நுரையை உள்ளங்கையில் அள்ளி நட்ட இடத்தின்மேல் வையுங்கள். தேய்க்க வேண்டாம், மெல்ல ஒற்றினால் போதும். சில நிமிடம் அப்படியே விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை மக்கில் எடுத்துத் தலைக்கு அருகிலிருந்து ஊற்றுங்கள். துண்டால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள்.

முதல் வாரம் முழுக்க இப்படித்தான். ஏழெட்டு நாள் ஆனதும், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, விரல் நுனியின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாகத் தடவத் தொடங்கலாம். நகம் படக் கூடாது. ஒரே நாளில் எல்லாப் பொருக்கையும் எடுத்துவிட வேண்டும் என்று உட்காராதீர்கள். இன்று கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் தலை சுத்தமாகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால் வீட்டில் போராடாமல் மையத்துக்கு வாருங்கள். ஊறவைத்து எடுத்துவிடுவோம்.

அப்போது பொருக்கோடு சில முடிகளும் வரும். பலர் இங்கேதான் பயந்து கழுவுவதை மறுபடி நிறுத்துகிறார்கள். முடியின் அடியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஏதோ ஒட்டியிருக்கும், வேரே வந்துவிட்டது என்று படம் எடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் அது காய்ந்த பொருக்குதான். கிராஃப்ட் பெயர்ந்தால் அந்த இடத்தில் ரத்தம் வரும். ரத்தம் வராமல், ஒரு வாரத்துக்குப் பிறகு வருகிற முடி தண்டு மட்டுமே. வேர் உள்ளே பத்திரமாக இருக்கிறது.

ஷவருக்கு அடியில் நேராக நிற்பது

இரண்டு வாரம் மக்தான். ஷவரின் வேகம் முதல் நாட்களில் நட்ட இடத்தில் நேராக விழக் கூடாது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. ஏப்ரல், மே மத்தியானத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சுடும் என்று உங்களுக்கே தெரியும். நட்ட இடத்திலும் எடுத்த இடத்திலும் உணர்ச்சி திரும்ப வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். சூடு தலைக்குத் தெரியாது. முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் தலைக்கு ஊற்றுங்கள். இதே காரணத்துக்காகத்தான் ஹேர் டிரையரின் சூடான காற்றும் வேண்டாம் என்கிறோம். போர் தண்ணீர் ரொம்ப உப்பாக, நுரையே வராமல் இருந்தால், அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் கேன் தண்ணீரை வைத்து அலசலாம். ஒரு வேளைக்கு அரை வாளி போதும்.

எண்ணெய், சீயக்காய், மஞ்சள்

பொருக்கு வறண்டு இழுக்கிறது என்று தேங்காய் எண்ணெய் வைக்கிறார்கள். சில டாக்டர்கள் பொருக்கு இளக ஏதாவது லோஷன் எழுதுவதுண்டு, இஸ்தான்புல் பக்கம் அலசுவதற்கு முன்பு லோஷன் தடவி ஊறவைப்பது வழக்கம். அது டாக்டர் கொடுத்து, குறித்த நாளில், குறித்த நேரம் வைத்துக் கழுவிவிடுவது. வீட்டு எண்ணெயை ராத்திரி முழுக்க வைத்துப் படுப்பது வேறு. அந்தப் பிசுக்கை எடுக்க அப்புறம் அழுத்தித் தேய்ப்பீர்கள், சீயக்காய்ப் பொடி போடுவீர்கள். சீயக்காய்ப் பொடியின் சொரசொரப்பு நட்ட தலைக்கு ஆகவே ஆகாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஒரு மாதமாவது தள்ளிப் போடுங்கள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு நட்டுக்கொண்ட ஒரு மாப்பிள்ளைத் தம்பி ஞாபகம் வருகிறார். நலங்கில் வீட்டுப் பெரியவர்கள் வரிசையாக வந்து உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். முடி நட்டதை யாரிடமும் சொல்லாததால் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மூன்று வாரத்தில் கிராஃப்ட் எதுவும் போகாது, போகவும் இல்லை. ஆனால் தலை முழுக்கப் பொரிப் பொரியாகக் கொப்புளம். அதோடு நட்ட முடி உதிரும் காலமும் அதுவே. கல்யாணம் இருந்தால் ஒரு வருடம் முன்பே நட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

கழுவும் தண்ணீரில் டெட்டால்

வேண்டாம்.

ஹெல்மெட்

டாக்டர் ஹெல்மெட் போடலாம் என்று சொல்லும் வரைக்கும் பைக்கை எடுக்காதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதும் கூடாது. ஆட்டோவில் போங்கள்.

பின்னந்தலையை மறந்துவிடுவது

கவனமெல்லாம் முன்னால் இருக்கும். முடி எடுத்த பின்னந்தலையை யாரும் கழுவுவதில்லை. அங்கேயும் நூற்றுக்கணக்கில் சின்னத் துளைகள் இருக்கின்றன, அங்கேயும் பொருக்கு கட்டும், அரிக்கும். அங்கே நட்ட கிராஃப்ட் எதுவும் இல்லாததால் கொஞ்சம் தைரியமாகவே கழுவலாம். தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் எஃப்யூடி முறையில் செய்துகொண்டவர்களுக்குத் தையல் இருக்கும். பொதுவாகப் பத்திலிருந்து பதினான்கு நாளில் பிரிப்பார்கள். அதுவரைக்கும் தையல் மேல் நுரையை ஒற்றி எடுங்கள். தலையணை உறையைத் தினமும் மாற்றுங்கள்.

உதிர்கிறதே என்று கழுவுவதை நிறுத்துவது

இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி உதிரும். ஷாம்பூ போடும்போது கையோடு வரும். ஷாம்பூவை மாற்றுவார்கள், அலசுவதை வாரம் ஒருமுறை ஆக்குவார்கள். எதைச் செய்தாலும் அது உதிரத்தான் போகிறது. வேர் ஓய்வெடுத்துவிட்டு மூன்று நான்கு மாதத்தில் புது முடியை மேலே அனுப்பும். முழுப் பலன் தெரிய ஒரு வருடமாகும். இந்த மாதங்களில் தலை சுத்தமாக இருப்பது முக்கியம், ஏனென்றால் புது முடி தோலைத் துளைத்து வரும்போது அங்கங்கே சின்னப் பரு வரும். ஒன்றிரண்டு பரு என்றால் பிதுக்காமல், வெதுவெதுப்பான ஈரத் துணியை ஒற்றினால் அடங்கிவிடும். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மறுபடி எப்போது தொடங்குவது என்பதை டாக்டரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாத தோலில் பட்டால் எரியும்.

பரு கூட்டமாகப் பரவினால், சீழோ நாற்றமோ இருந்தால், காய்ச்சல் வந்தால், சிவப்பு நாளுக்கு நாள் கூடினால், நட்ட இடத்தில் தோல் கருத்துப்போனால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே நேரில் வாருங்கள். தோல் கருப்பது ரத்த ஓட்டம் குறைவதன் அடையாளம், அதில் ஒரு நாள் தாமதமும் கூடாது.