செனட்டருக்கு ஒரு போன்

2023-இல் ஜூலி சூவை அமெரிக்கத் தொழிலாளர் துறைச் செயலராக பைடன் முன்மொழிந்தபோது அவரை ஆதரித்து நானும் என் செனட்டருக்குப் போன் செய்தேன். இப்படிப்பட்ட நியமனத்துக்குச் செனட் சபையின் ஒப்புதல் வேண்டும். நீங்களும் அப்படி அழைப்பதானால், உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களிடம் மட்டும் பேசுங்கள். வேறு மாநிலத்து அழைப்புகளை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எடுப்பவர் பெரும்பாலும் இளம் உதவியாளர். பெயர், ஊர், ஜிப் கோடு, யாரை ஆதரிக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு காரணம் போதும்.

நான் கலிபோர்னியாவின் எல் மான்டே ஊரைச் சொன்னேன். அங்கே முள்கம்பிக்குள் அடைத்துத் துணி தைக்க வைக்கப்பட்டு, 1995-இல் மீட்கப்பட்ட தாய்லாந்துத் தொழிலாளர்களுக்காக வழக்காடியவர் சூ. மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "அந்த ஊர்ப் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார் போனை எடுத்த பெண். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

நியமனத்தை முதலில் ஆராயும் செனட் குழுவின் வாக்கெடுப்போடு நிறுத்திவிடாதீர்கள். சூ குழுவில் 11-10 என்று தேறினார். ஆனால் முழு செனட் சபையில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. மறுபடியும் கூப்பிடுங்கள்.