செங்கல் சும்மா செய்து கொடுத்த வேலைகள்: சாண்ட்விச் பேனல் வீட்டில் சறுக்கும் இடங்கள்

ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை இருபுறமும் பூசி முடித்தால் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 450 கிலோ இருக்கும். 50 மி.மீ. பஃப் (PUF) வகைச் சாண்ட்விச் பேனலில் அதே சதுர மீட்டர் 10 கிலோதான். அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடு இரண்டு, நடுவில் பாலியூரித்தேன் நுரை, அவ்வளவுதான். மொட்டை மாடியில் வாடகைக்கு ஓர் அறை போட நினைப்பவர்கள் இதைத் தேடிப் போவதற்கு இந்த எடைதான் காரணம். அஸ்திவாரம் தோண்ட வேண்டாம், மணல் ஏற்ற வேண்டாம், தண்ணீர் ஊற்றி ஆறவிட வேண்டாம்.

ஆனால் செங்கல் தன் எடையாலேயே நாம் கேட்காத பல வேலைகளைச் செய்து வந்தது. காற்றுக்கு அசையாமல் நின்றது, ஆணியைப் பிடித்தது, தீக்கு அணை போட்டது, பக்கத்து வீட்டு டிவி சத்தத்தை அமுக்கியது. பேனலுக்கு மாறினால் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் சதுர அடி விலையை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதுதான் முதல் தவறு. தாங்கும் இரும்புச் சட்டகம், ஓரம் மூடும் ஃப்ளாஷிங், ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ, ஏற்றுக்கூலி எல்லாம் அந்த விலைக்கு வெளியே இருக்கலாம்.

காற்றிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சென்னைக்கு, கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 0.6ஆல் பெருக்கினால் காற்றின் அழுத்தம் கிடைக்கும்: சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது 150 கிலோ பாரத்துக்குச் சமம். கட்டடத்தின் உயரம், சுற்றியுள்ள வீடுகள், கூரைச் சரிவு இவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். மூலைகளிலும் ஓரங்களிலும் கூடத்தான் செய்யும். கூரைமேல் பாயும் காற்று கீழே அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. பத்துக்குப் பத்து அடி அறையின் கூரையை அது ஏறக்குறைய 1.4 டன் விசையோடு தூக்கப் பார்க்கும். கூரைப் பேனலின் எடையோ நூறு கிலோவுக்கும் கீழே. வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பேனல் எவ்வளவு தாங்கும் என்பதைவிட, அதை எது கீழே பிடித்து வைத்திருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மாடியில் நடக்கும் பெரிய தவறு, இரும்புத் தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டைத் தட்டோட்டின் மேலேயே வைத்து போல்ட் அடிப்பது. தட்டோடும் அதற்குக் கீழே இருக்கும் செங்கல் ஜல்லிக் கலவையும் வெயிலுக்கும் மழைக்கும் போட்டவை. போல்ட்டைப் பிடிக்கப் போட்டவை அல்ல. அந்த இடத்தை வெட்டி எடுத்து, கான்கிரீட்டைத் தொட்டு, முடிந்தவரை பீம் அல்லது தூணின் தலைமேல் ஆங்கர் போல்ட் இறக்க வேண்டும். பிறகு சுற்றிலும் நீர்க்காப்பு செய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டால், முதல் மழைக்கே கீழ்வீட்டுப் படுக்கையறையில் வாளி வைக்க நேரும்.

பேனலே தாங்கிக்கொள்ளும், சட்டகம் எதற்கு என்று சொல்பவர்களும் உண்டு. புதிய முறைகளில் வீடு கட்டிக் காட்டும் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் இந்தூரில் 1,024 வீடுகள் சாண்ட்விச் பேனல் முறையில் எழுந்தன. 2021 ஜனவரி 1ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் திட்டத்திலும் சுமையைத் தாங்குவது எஃகுச் சட்டகம். பேனலுக்குச் சுவராக நிற்பது மட்டுமே வேலை. பேனலின் விறைப்பு இரண்டு தகடுகளும் விலகி நிற்பதால் வருகிறது. விலக்கி நிறுத்துவது நுரை. நுரை தகட்டிலிருந்து பிரிந்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு மெல்லிய தகடுகள்தான். கூரைமேல் தண்ணீர் டேங்க் ஏற்றுவதும், டிஷ் ஆன்டெனாவைத் திருப்ப ஆள் ஏறி நடப்பதும் அந்தப் பிரிவை விலைக்கு வாங்கும் வேலை. கீசர், டிவி, அலமாரி எங்கே வரும் என்பதை முன்பே சொல்லி, அந்த இடத்தில் சட்டகத்தில் ஒரு குறுக்குக் குழாய் கேட்டு வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் தகடு ஸ்க்ரூவைப் பிடிக்கும், கீசரைப் பிடிக்காது.

அடுத்தது தீ. தென்கொரியாவின் இச்சோன் நகரில் 2008 ஜனவரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்து 40 பேர் இறந்தார்கள். அதே நகரில் 2020 ஏப்ரலில், கட்டிக்கொண்டிருந்த ஒரு கிடங்கில் 38 பேர் இறந்தார்கள். இரண்டிலும் எரிந்தது யூரித்தேன் நுரை. இரண்டாவதில் வெல்டிங் பொறி நுரையில் விழுந்ததே தொடக்கம் என்று காவல்துறை சொன்னது. நுரை எரியும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். தகடு மேலே மூடியிருப்பதால் தீ உள்ளுக்குள்ளேயே ஓடும், ஊற்றுகிற தண்ணீர் அதைத் தொடாது.

நம் ஊரில் வெல்டர் கடைசியாக வருவார். கைப்பிடி, ஜன்னல் கம்பி, ஏசி ஸ்டாண்டு என்று பேனல் ஏறிய பிறகு பொறி பறக்கும். இது தலைகீழாக மாற வேண்டும்: வெல்டிங் முழுவதும் முடிந்த பிறகே பேனல் ஏற வேண்டும். வயரை வெறுமனே நுரைக்குள் இழுக்காமல் குழாய்க்குள் விடுங்கள். அடுப்பு இருக்கும் பக்கத்துக்கு, நுரைக்குப் பதில் பாறை இழை வைத்த ராக்வூல் பேனல் போடுங்கள், அது எரியாது. விலை கூடுதல், எடையும் கூடுதல், தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் சமையலறையில் கஞ்சத்தனம் வேண்டாம். கடைக்காரர் லைட்டரைப் பற்றவைத்துத் தகட்டில் காட்டி, “பாருங்க சார், எரியவே இல்லை” என்பார். இரும்பு எப்போது எரிந்தது?

வெப்பத்தைப் பொறுத்தவரை பேனல் நல்ல பிள்ளை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வழியே வரும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் 50 மி.மீ. பஃப் பேனலைத் தாண்டி வரும். ஆனால் மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்துவிட்டு, காற்று வெளியேற வழியும் விடாமல், சூட்டுக்குப் பேனலைத் திட்டுவதில் நியாயமில்லை. கரும்பச்சை, கருநீலம் கேட்காதீர்கள். வெளித்தகடு காய்ந்து நீள, உள்தகடு நீளாமல் நிற்க, பேனல் வில்லாக வளையும்.

கடலோரத்தில் துரு. ஆங்கிள் கிரைண்டரால் வெட்டினால் ஓரத்திலுள்ள துத்தநாகப் பூச்சு கருகிவிடும், தெறிக்கும் சூடான துகள்கள் பெயின்ட்டில் புதைந்து துருப்புள்ளிகளாகும். சூடேறாமல் வெட்டும் ரம்பமே இதற்கு ஏற்றது.

தகட்டின் கனத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 0.5 மி.மீ. என்று சொன்னால், பூச்சும் பெயின்ட்டும் சேர்த்தா, வெறும் இரும்பா என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இறக்கிய சரக்கிலிருந்தே வெட்டிய துண்டு ஒன்றையும் வாங்கி வையுங்கள். ஓரத்தில் மணி மணியாகத் தெரிந்தால் அது தெர்மகோல், 100 டிகிரி வாக்கில் இளகிவிடும். மஞ்சளாக, மாவு போல நுணுக்கமாக இருந்தால் பஃப்பாக இருக்கும். தகட்டை நகத்தால் நெம்பிப் பாருங்கள். சுலபமாக உரிந்து வந்தால், அந்த லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.