அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்ட்டி ஒன்றின் இடைநிலை வருமானத்தை 30 வருடத்துக்குக் கணக்கிடுவது எப்படி

கவுண்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. இடைநிலை வருமானம் என்றால், எல்லாக் குடித்தனங்களையும் (ஒரே வீட்டில் வாழ்பவர்கள் ஒரு குடித்தனம்) வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பதன் வருமானம். பெரிய நகரம் இருக்கும் கவுண்ட்டி என்றால் வேலை சுலபம். 65,000 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு அமெரிக்கச் சென்சஸ் பீரோ, ஏசிஎஸ் (அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே) என்ற கணக்கெடுப்பிலிருந்து வருடா வருடம் தனி எண் வெளியிடுகிறது. 2020 மட்டும் விதிவிலக்கு, கொரோனாவில் பதில் சரியாக வராததால் அந்த வருடத்து வழக்கமான எண் கிடையாது. ஆனால் தெற்கு டகோட்டாவின் ஓக்லாலா லகோட்டா போல சுமார் 13,600 பேர் மட்டும் உள்ள கவுண்ட்டியை எடுத்தால், ஏசிஎஸ்ஸில் கிடைப்பது ஐந்து வருடத் தகவலைச் சேர்த்துப் போட்ட எண்தான். பி19013 என்ற அட்டவணையில் இருக்கும்.

இந்த ஐந்து வருட எண்ணை வருடா வருடம் வரிசையாக அடுக்கிக் கோடு போடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்யாதீர்கள். 2014–2018க்கும் 2015–2019க்கும் நான்கு வருடம் பொது, அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 2014ஐ எடுத்துவிட்டு 2019ஐச் சேர்த்ததால் வருவது. ஒப்பிட வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று விழாத துண்டுகளாக எடுங்கள்: 2009–2013, 2014–2018, 2019–2023.

சரி, வருடத்துக்கு ஒரு எண் வேண்டுமே? அதற்குத்தான் சைப் (SAIPE) என்ற மதிப்பீடு இருக்கிறது. அதே பீரோதான், ஆனால் வெறும் கணக்கெடுப்பை நம்பாமல் வருமான வரிக் கணக்குகள் போன்ற அரசுப் பதிவுகளையும் சேர்த்துப் புள்ளியியல் மாதிரி (மாடல்) வைத்துக் கணித்துத் தருகிறார்கள். 1989, 1993, 1995, அப்புறம் 1997 முதல் ஒவ்வொரு வருடமும், கிட்டத்தட்ட எல்லாச் சின்னக் கவுண்ட்டிக்கும் உண்டு. என்னைக் கேட்டால் முதுகெலும்பாக இதை வையுங்கள், ஏசிஎஸ்ஸைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: 2005இல் சைப்பின் அடிப்படைக் கணக்கெடுப்பையே மாற்றி ஏசிஎஸ்ஸுக்கு வந்தார்கள், ஆகவே 2004க்கும் 2005க்கும் நடுவே ஒரு தாவல் தெரிந்தால் அதை ஊரின் பொருளாதாரத்தின் மேல் போடாதீர்கள். வரைபடத்தில் அங்கே ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிடுங்கள்.

இன்னும் பின்னால் போக, பத்து வருடத்துக்கு ஒரு முறை எடுத்த சென்சஸின் நீளப் படிவம் உதவும், அதாவது சில வீடுகளுக்கு மட்டும் அனுப்பிய, வருமானம் போன்ற கூடுதல் கேள்விகள் உள்ள படிவம். 2000 சென்சஸ் சொல்வது 1999ஆம் வருட வருமானம், 1990 சொல்வது 1989, இதைக் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம். 2000இல் ஆறில் ஒரு வீட்டுக்கு அந்தப் படிவம் போனது, மிகச் சிறிய ஊர்களில் இரண்டில் ஒன்றுக்கு, அதனால் கிராமப்புறத்துக்கு அது நல்ல எண். 2010 முதல் அது இல்லை. பழைய அட்டவணைகளில் குடும்ப வருமானமும் குடித்தன வருமானமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், தனியாக வாழும் பாட்டியும் ஒரு குடித்தனம் ஆனால் சென்சஸ் கணக்கில் குடும்பம் அல்ல, ஆகவே குடும்ப எண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும்.

விலைவாசியைச் சரிசெய்ய மறக்காதீர்கள். சைப் எண்கள் அந்தந்த வருட டாலரில் இருக்கின்றன. நுகர்வோர் விலைக் குறியீடு 1989இல் 124.0, 2019இல் 255.657, அதாவது 1989இன் 20,000 டாலர் 2019இல் சுமார் 41,200. ஏசிஎஸ் ஐந்து வருட எண் ஏற்கெனவே கடைசி வருட டாலருக்கு மாற்றப்பட்டது, அதனால் 2009–2013 எண்ணை 2013 டாலர் என்று எடுத்துக்கொண்டு மேலே ஏற்றுங்கள்.

அடுத்தது பிழை வரம்பு, அதாவது எல்லோரையும் கேட்காமல் கணித்த எண் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற அளவு. சின்னக் கவுண்ட்டியில் இது பயங்கரமாக இருக்கும். உதாரணத்துக்கு ஒரு காலத்தில் 38,000, கூட்டல் கழித்தல் 5,000. பின்னால் 43,000, கூட்டல் கழித்தல் 6,000 என்று வையுங்கள் (இரண்டும் ஒரே வருட டாலரில்). இரண்டு வரம்பையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 7,800 வரும். வித்தியாசம் அதைவிடக் குறைவு, 5,000தான், ஆகவே வருமானம் உயர்ந்தது என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடியாது. 2020இல் 64 பேர் மட்டுமே இருந்த டெக்சஸின் லவ்விங் கவுண்ட்டியில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆட்டம் தாங்கவில்லை என்று பக்கத்துக் கவுண்ட்டிகளைச் சேர்ப்பார்கள். சேர்க்கலாம், ஆனால் இடைநிலைகளின் சராசரி இடைநிலை ஆகாது. பி19001 அட்டவணையில் எந்த வருமான அடுக்கில் எத்தனை குடித்தனம் என்று இருக்கும், அவற்றைக் கூட்டுங்கள். மொத்தம் 2,000 குடித்தனம், 40,000க்குக் கீழே 900, அடுத்த 5,000 டாலர் அடுக்கில் 250 என்றால், ஆயிரமாவது குடித்தனத்துக்கு இன்னும் 100 வேண்டும். 250இல் 100 பங்கு, அதாவது 2,000 டாலர், ஆக இடைநிலை 42,000.

கடைசியாக, தரவைப் பெயரை வைத்து இணைக்காமல் ஃபிப்ஸ் குறியீட்டை (ஒவ்வொரு கவுண்ட்டிக்கும் உள்ள ஐந்து இலக்க எண்) வைத்து இணையுங்கள், அதையும் கண்ணால் பாருங்கள். ஓக்லாலா லகோட்டா 2015 வரை ஷானன் கவுண்ட்டி, குறியீடும் 46113இலிருந்து 46102 ஆனது. எக்செல் ஒன்றும் சொல்லாது, பாதி வருடங்கள் மட்டும் காலியாக நிற்கும்.