ரெய்னர் காமாவிலிருந்து தொடங்குங்கள்: நிலவின் காந்தப்புல வரைபடம் போடும் முறை

நிலவின் காந்தப்புலத்தை வரைபடமாக்க ஆசை என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: முழு நிலவில் கை வைக்காதீர்கள், ரெய்னர் காமாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புயல்களின் பெருங்கடல் எனப்படும் கருஞ்சமவெளியில், சுமார் 7 பாகை வடக்கு, 59 பாகை மேற்கில் கிடக்கும் வெளிறிய சுழி அது. சின்னத் தொலைநோக்கியிலேயே தெரியும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, ஆனால் அங்கே காந்தப்புலம் பலமாக இருக்கிறது. நிலவுக்கு இன்று பூமியைப் போல ஒட்டுமொத்தப் புலம் கிடையாது. பழங்காலத்தில் பாறையில் பதிந்த காந்தம்தான் அங்கங்கே திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கிறது.

தரவுக்கு அலைய வேண்டாம். நிலவைச் சுற்றிய விண்கலங்களான நாசாவின் லூனார் பிராஸ்பெக்டர், ஜப்பானின் காகுயா இரண்டின் காந்தமானிப் பதிவுகளும் பொதுவில் கிடைக்கின்றன. நான் பிராஸ்பெக்டரின் 1999ஆம் ஆண்டுக் கோப்புகளை மட்டும் முதலில் இறக்குவேன். காரணம் உயரம். 1998இன் பெரும்பகுதி அது 100 கி.மீ. உயரத்தில் சுற்றியது. 1999 ஜனவரியில் சராசரி 30 கி.மீ.க்கு இறக்கினார்கள். 100 கி.மீ. அலைநீளமுள்ள, அதாவது 100 கி.மீ.க்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒரு காந்த அமைப்பு 30 கி.மீ. உயரத்தில், தரையில் இருப்பதில் 15 சதவீதம் மிஞ்சும். 100 கி.மீ. உயரத்தில் 500இல் ஒரு பங்குகூட மிஞ்சாது. எவ்வளவு நல்ல கணக்குப் போட்டாலும் இந்த இழப்பை மீட்க முடியாது.

விண்கலமே ஒரு காந்தம் என்பது அடுத்த தொல்லை. அதனால்தான் காந்தமானியை நீண்ட கம்பத்தின் நுனியில் வைக்கிறார்கள். காகுயாவின் கம்பம் 12 மீட்டர். தூரம் இரட்டித்தால் கலத்தின் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். பிராஸ்பெக்டர் நிமிடத்துக்கு 12 முறை தன்னைத் தானே சுற்றியது. சுழலும் தளத்தில் வெளிப்புலம் அலைபோல ஏறி இறங்கும், கருவியின் பிழையோ அசையாமல் நிற்கும். ஆக, ஒரு சுற்றுக்குச் சராசரி எடுத்தால் மிஞ்சுவதுதான் அந்தப் பிழையின் அளவு. இந்தத் திருத்தம் செய்த கோப்புகளே கிடைக்கும் என்பதால் நீங்கள் இதற்கு மெனக்கெட வேண்டியதில்லை.

மெனக்கெட வேண்டியது தரவைத் தூக்கிப் போடுவதில். சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்கள், சுமந்து வரும் காந்தப்புலம் 5 முதல் 10 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), அதுவும் ஓயாமல் ஆடும். தாழ்வான உயரத்தில் ரெய்னர் காமா தருவது சில பத்து நானோடெஸ்லாதான். பலவீனமான இடங்கள் ஒன்று இரண்டோடு நின்றுவிடும். பகல் பக்கத்தில் சூரியக் காற்று நிலவின் புலத்தை அமுக்கி உருவத்தையே மாற்றிவிடும் என்பதால் அந்தப் பதிவுகள் வேண்டாம். பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் நிலவு பூமியின் காந்த வாலுக்குள், அதாவது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும் பூமியின் காந்தப்புலத்துக்குள், இருக்கும். அதில் புலம் 10 நானோடெஸ்லா அளவில் ஆடாமல், சூரியன்–பூமி கோட்டை ஒட்டிக் கிடக்கும் நேரங்கள் தங்கம். அப்புறம், சூரியக் காற்று எட்டாத இரவுப் பக்கம். இவை போக மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குங்கள். கோப்பில் பாதிக்கு மேல் போனாலும் பரவாயில்லை.

சரி, மிஞ்சியதை நிலவோடு சேர்ந்து சுழலும் அச்சுகளுக்கு மாற்றுங்கள்: மேல் நோக்கி, கிழக்கு, வடக்கு. பிறகு ஒவ்வொரு பாஸிலும் (கலம் அந்த இடத்தின் மேல் ஒருமுறை கடந்து போவது) மெதுவாக மாறும் பின்னணியைக் கழிக்க வேண்டும். இதற்கு இருபடிக் கோவை போதும். படியை ஏற்றிக்கொண்டே போனால் கோடு அழகாகத் தட்டையாகும், கூடவே ரெய்னர் காமாவும் காணாமல் போகும். கலம் நொடிக்கு 1.6 கி.மீ.க்குச் சற்று மேல் ஓடுகிறது. 70 கி.மீ. சுழியைக் கடக்க முக்கால் நிமிடம்கூட ஆகாது. பதிவுக் கோட்டில் அவ்வளவு குறுகிய மேடு அது.

இப்போது அடுத்தடுத்த பாஸ்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தடம் சுமார் 1 பாகை நகரும், அதாவது நிலநடுக்கோட்டருகே 30 கி.மீ. பக்கத்துப் பாஸிலும் அதே இடத்தில் மேடு எழுந்தால் அது நிலவுடையது. ஒன்றில் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். எனக்கு இந்தக் கண்ணால் பார்க்கும் சோதனையில் இருக்கும் நம்பிக்கை தானியங்கி வடிகட்டிகளில் இல்லை.

கலத்தின் உயரம் 15 முதல் 45 கி.மீ. வரை மாறியதால் அளவுகளை அப்படியே வண்ணம் தீட்டக் கூடாது. தரைக்கு அடியில் சின்னச் சின்ன இருமுனைக் காந்தங்களை 1 பாகை இடைவெளியில் வைத்ததாகக் கொண்டு, அளவுகளோடு பொருந்தும்படி அவற்றின் வலிமையைக் கண்டுபிடியுங்கள். அவற்றிலிருந்து 30 கி.மீ. உயரத்துப் புலத்தைக் கணக்கிட்டால் எல்லாம் ஒரே தளத்துக்கு வந்துவிடும். தரை வரை இறக்க ஆசை வரும். இறக்க இறக்க இரைச்சலும் பெருகும்.

கடைசியில் படத்தை நிலவின் புகைப்படத்தின் மேல் வையுங்கள். பலமான புலம் வெளிறிய சுழியின் மேல் விழ வேண்டும். எங்கோ தள்ளி விழுந்தால் கணக்கைத் தேடுவதற்கு முன் தீர்க்கரேகையைப் பாருங்கள்: 59 பாகை மேற்கு என்பது கிழக்காக எண்ணும் கோப்பில் 301.