லக்கோட்டா முறையில வெட்டவெளில ஒரு பிரார்த்தனை இடம் அமைக்கறது எப்படி

லக்கோட்டான்னா அமெரிக்கப் பழங்குடி மக்கள்ல ஒரு இனம். முதல்லயே சொல்லிடறேன், நாலு கல்லை வட்டமா அடுக்கி நடுவுல ஒரு கழுகு பொம்மை வெச்சா முடிஞ்சதுன்னு சொல்ற கைடு இல்ல இது, அந்த மாதிரி வீடியோ இன்டர்நெட்ல கொட்டிக் கிடக்கு, அதுல முக்கால்வாசி லக்கோட்டா ஆளுங்க பாத்தா தலையில அடிச்சுக்குவாங்க. நான் அமெரிக்கால சவுத் டக்கோட்டா மாநிலத்துல ராப்பிட் சிட்டில கொஞ்ச வருஷம் வேலை பாத்தேன், கூட வேலை பாத்த ஃப்ரெண்ட் லக்கோட்டாவுல ஒக்லாலாங்கற பிரிவு, பைன் ரிட்ஜ்னு பழங்குடிகளுக்கு ஒதுக்கின ரிசர்வேஷன்ல வீடு. அவன் பாட்டி வீட்டுக்குப் பின்னாடி பழசா கிடந்த பிரார்த்தனை இடத்தை மறுபடி சரி பண்ணணும்னு முடிவு பண்ணப்போ ரெண்டு வீக்கெண்ட் போய் கூடமாட வேலை செஞ்சேன். அந்தப் பாட்டியை எல்லாரும் "உன்ச்சி"ன்னு தான் கூப்பிடுவாங்க, பாட்டின்னு அர்த்தம், பூமியையும் அவங்க "உன்ச்சி மக்கா"ன்னு, அதாவது பாட்டி பூமின்னு தான் சொல்றாங்க. நானும் உன்ச்சின்னே கூப்பிட்டேன், அவங்க என்னை "தகோஜா"ன்னாங்க, பேரப்புள்ளன்னு அர்த்தம். இந்த முறை வெச்சு கூப்பிடறது சும்மா மரியாதைக்கு இல்ல, அந்த இடமே உறவுக்காகத் தான் அமைக்கறாங்க.

முதல் ஸ்டெப் இடம் தேடறது இல்ல, ஆள்கிட்ட கேக்கறது. நீங்க லக்கோட்டா குடும்பத்துல கல்யாணம் பண்ணவங்களோ, அங்க வேலை பாக்கறவங்களோ, யாரா இருந்தாலும் சரி, பெரியவங்க ஒருத்தர் நடத்தி வைக்காம இதை ஆரம்பிக்காதீங்க. கேக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, கொஞ்சம் புகையிலை எடுத்துட்டுப் போய் கையில கொடுத்து விஷயத்தை சொல்லணும். அவங்க வாங்கிக்கிட்டா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், வாங்கலைன்னா கட்டாயப்படுத்தாம வந்துடணும். "எவ்ளோ ஃபீஸ்?"னு மட்டும் கேட்டுடாதீங்க, அது பெரிய அவமானம். பெட்ரோல் செலவுக்குக் கொடுக்கறது, மளிகை சாமான் வாங்கிட்டுப் போறது, ஒரு நல்ல போர்வை கொடுக்கறது, இதெல்லாம் வழக்கம் தான். ஆனா டிக்கெட் போட்டு சடங்கு நடத்தறவன் கிட்ட போகவே போகாதீங்க. 1993ல லக்கோட்டா, டக்கோட்டா, நக்கோட்டா மக்கள் சேந்து தங்களோட ஆன்மிகத்தை வித்து சம்பாதிக்கறவங்க மேல போர் அறிவிக்கறோம்னே ஒரு தீர்மானம் போட்டாங்க, அவ்ளோ கோவம். கோவத்துக்குக் காரணமும் இருக்கு. 1883ல இருந்து சன் டான்ஸ்னு சொல்ற சூரிய நடனம் மாதிரி சடங்குகளை அரசாங்கமே குற்றம்னு சொல்லி தண்டிச்சுது, 1978ல தான் பழங்குடி மத சுதந்திர சட்டம் வந்துச்சு. நடுவுல இருந்த தலைமுறைங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு காப்பாத்துனதை வேற எவனோ எடுத்து கடை விரிச்சா யாருக்குத் தான் எரியாது.

எது நாம தொடக்கூடாதுங்கறதையும் இங்கயே சொல்லிடறேன். சனுன்பா, அதாவது புனிதக் குழாய், அதை ஆன்லைன்ல வாங்கி நடுவுல வைக்கறது, சொந்தமா இனிபி நடத்தறது (நம்ம காதுக்கு இனிப்பு மாதிரி கேக்கும், ஆனா அது சூடான கல்லு மேல தண்ணி ஊத்தி ஆவில உக்காந்து வேண்டற சடங்கு), ஹன்ப்ளேச்சேயான்னு மலையில தனியா பட்டினி கிடக்கறது, இதெல்லாம் பயிற்சியும் உரிமையும் இருக்கறவங்க நடத்தறது. 2009ல அரிசோனா செடோனால ஒரு மோட்டிவேஷன் ஸ்பீக்கர் காசு வாங்கிட்டு இனிபி மாதிரின்னு ஒண்ணு நடத்தி மூணு பேர் செத்துப் போனாங்க, அவர் ஜெயிலுக்குப் போனார். கழுகு இறகு கீழ கிடந்தா கூட எடுத்துடாதீங்க, அரசாங்கம் அங்கீகரிச்ச பழங்குடில உறுப்பினரா இல்லாதவங்க வெச்சிருந்தா அமெரிக்க சட்டப்படி குற்றம்.

சரி, இப்போ இடம். உன்ச்சி முதல் நாள் எங்களை ஒரு வேலையும் செய்ய விடல, சேர் போட்டு உக்காந்து பாக்க சொன்னாங்க. எங்க முதல்ல வெயில் படுது, காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குது, மழைத் தண்ணி எங்க ஓடுது, எறும்புப் புத்து இருக்கா, பாம்பு வளை இருக்கா, அந்தப் புல்வெளில ராட்டில்ஸ்னேக் சகஜம் மக்களே, விளையாட்டு இல்ல. ரோட்டுல போற வண்டிக்குத் தெரியாத இடமா இருக்கணும், அதே சமயம் முட்டி வலி இருக்கற பெரியவங்க தடி ஊனி நடந்து வர்ற தூரத்துல இருக்கணும். அழகான மேடு ஒண்ணு இருந்துச்சு, நான் அதைக் காட்டினேன், "அங்க உன்னால ஏற முடியும், நான் எப்படி வருவேன்"னு ஒரே கேள்வி, முடிஞ்சது. பழைய துணி கட்டின மரம், ஏற்கனவே வட்டமா கிடக்கற கல்லு, இதெல்லாம் கண்ணுல பட்டா நகத்தாதீங்க, வேற யாரோ வேண்டின இடம் அது. ஸ்டர்ஜிஸ் ஊர் பக்கத்துல மாத்தோ பாஹான்னு ஒரு மலை இருக்கு, இங்கிலீஷ்ல Bear Butte (பேர் ப்யூட்), 4,426 அடி, லக்கோட்டாக்களுக்கும் செயென்னு இன்னொரு பழங்குடி மக்களுக்கும் புனித மலை, ஸ்டேட் பார்க்கும் கூட. நடைபாதை ஓரமா மரத்துல எல்லாம் கலர் கலரா துணி கட்டியிருக்கும், அதைத் தொடறதோ ஃபோட்டோ எடுக்கறதோ கூடாது. அங்க பாத்துட்டு வந்து அப்படியே வீட்டுல காப்பி அடிக்கறதும் வேணாம்.

இடம் முடிவானதும் சுத்தம் பண்றது, இதுல தான் பாதி நாள் போச்சு. துருப்பிடிச்ச கம்பி, உடைஞ்ச பாட்டில், பழைய டயர், எல்லாத்தையும் பொறுக்கி எடுத்தோம். புல்லை வேரோட பிடுங்கல, வெட்டி மட்டும் விட்டோம், நெருப்பு வைக்கற இடத்தை மட்டும் மண் தெரியற வரைக்கும் சுரண்டினோம். வேலை செய்யறவங்க நாலு நாள் முன்னாடியே குடியை விட்டுடணும்னு சொல்லிட்டாங்க. மாதவிலக்குல இருக்கற பொண்ணுங்க அந்த நாள் சடங்கு பக்கம் வர மாட்டாங்க, தீட்டுன்னு இல்ல, அந்த சமயத்துல அவங்க கிட்ட இருக்கற சக்தி பெருசு, அது மத்த சடங்கோட மோதும்னு உன்ச்சி சொன்ன விளக்கம். ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம், ஆனா அவங்க இடத்துல அவங்க முறை.

நடு இடத்துக்கு ஹோச்சோகான்னு பேரு. முன்னாடி கூடாரங்களை வட்டமா போடும்போது நடுவுல விட்ட வெட்டவெளிக்கு அதே பேர் தான். பெருசா வேணாம், ஆறேழு பேர் நிக்கற அளவு போதும். நாலு திசைக்கு நாலு சோக்செர்ரி (ஒரு காட்டுப் பழ மரம்) குச்சி நட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர் துணி கட்டணும். உன்ச்சி வீட்டு முறைப்படி மேற்குக்கு கருப்பு, வடக்குக்கு சிவப்பு, கிழக்குக்கு மஞ்சள், தெற்குக்கு வெள்ளை, மேல வானத்துக்கு நீலம், கீழ பூமிக்கு பச்சை. இந்த கலர் வரிசைல குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம் உண்டு, ப்ளாக் எல்க்னு ஒரு லக்கோட்டா ஆன்மிகப் பெரியவர் சொல்லி பதிவானதுல வடக்கு வெள்ளை, கிழக்கு சிவப்பு, தெற்கு மஞ்சள். அதனால நெட்ல பாத்த சார்ட்டை வெச்சுக்கிட்டு பெரியவங்க கிட்ட "நீங்க தப்பா கட்றீங்க"ன்னு சொல்லப் போகாதீங்க, நான் கிட்டத்தட்ட சொல்லப் போனேன், ஃப்ரெண்ட் கால்ல மிதிச்சான். நடுவுல கோஃபர்னு வளை தோண்டற ஒரு எலி மாதிரி பிராணி வெளிய தள்ளின பொடி மண்ணை எடுத்துட்டு வந்து பரப்பினாங்க, அடியில இருந்து வந்த மண், கால் படாத மண், அதனால சுத்தம். அதைச் சுத்தி சேஜ்னு ஒரு வாசனைச் செடியைப் பரப்பிடணும்.

சேஜ்னு சொன்னேன்ல, இதுல தான் நான் அசிங்கப்பட்டேன். கடையில போய் தடிமனா கட்டி விக்கற வெள்ளை சேஜ் கட்டு, கூட ஒரு பெரிய சிப்பி, ரெண்டும் காசு கொடுத்து வாங்கிட்டு பெருமையா போனேன். உன்ச்சி மோந்து பாத்துட்டு சிரிச்சாங்க, அது கலிஃபோர்னியா செடி, அவங்க ஊர்து இல்ல. அவங்க பயன்படுத்தறது பெஜி ஹோத்தா, சாம்பல் கலர் புல்லுன்னு அர்த்தம், அந்தப் புல்வெளியிலேயே ரோட்டோரமா எல்லாம் வளருது. கோடைக் கடைசில போய் முதல்ல ஒரு சிட்டிகை புகையிலையை மண்ணுல வெச்சு செடி கிட்ட சொல்லிட்டு, வேரை விட்டுட்டு தண்டை மட்டும் வெட்டி, ஒரே இடத்துல மொட்டை அடிக்காம அங்க இங்கன்னு கொஞ்சம் கொஞ்சமா எடுத்து நிழல்ல தலைகீழா தொங்க விட்டு காய வைக்கணும். சிப்பிக்குப் பதிலா அவங்க வெச்சிருந்தது பழைய காபி டப்பா, அதுல தணல் போட்டு சேஜ் வெச்சு புகை போட்டாங்க, எவ்ளோ காத்து அடிச்சாலும் பறக்காது. சேஜ் புகை கெட்டதை விலக்க, வச்சாங்கான்னு சொல்ற ஸ்வீட்கிராஸ், அதாவது வாசனைப் புல்லோட புகை நல்லதைக் கூப்பிட, இந்த வரிசைல தான் போடணும். ஹன்தேன்னு செடார் (cedar) மரத்து இலையும் தணல்ல போடுவாங்க.

அடுத்தது பிரார்த்தனை முடிச்சு, எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. காட்டன் துணியை ஒண்ணரை இன்ச் சதுரமா வெட்டிக்கணும், பாலியஸ்டர் வேணாம், அது மக்காது. நடுவுல ஒரு சிட்டிகை புகையிலை, இல்லனா சான்ஷாஷான்னு சிவப்பு வில்லோங்கற செடியோட உள்பட்டையைக் காய வெச்சது, வெச்சு ஒவ்வொண்ணுக்கும் மனசுல ஒரு ஆளையோ ஒரு விஷயத்தையோ நெனச்சுக்கிட்டு சின்ன மூட்டையா பிடிச்சு ஒரே நூல்ல வரிசையா சுருக்குப் போட்டுட்டே போகணும், நூலை நடுவுல வெட்டக்கூடாது. கேக்க சுலபமா இருக்கும், இருபதாவது முடிச்சுல விரல் வலிக்கும், முப்பதாவதுல எனக்கு வேண்டிக்க ஆளே தீந்துபோச்சு, அப்பறம் பழைய மேனேஜருக்குக் கூட ஒண்ணு கட்டினேன். அன்னைக்கு பேச்சு சிரிப்பு எல்லாம் ஓடுச்சு ஆனா யாரும் யாரைப் பத்தியும் தப்பா பேசல, கோவமா இருந்தா கட்டறதை நிறுத்திட்டு வெளிய போய்ட்டு வான்னு சொல்லிட்டாங்க.

ஆசீர்வாதம் பண்ற நாள் விடியக்காலைலயே ஆரம்பிச்சுட்டோம். ஃபோன் எல்லாம் வண்டியிலயே விட்டாச்சு. முதல்ல எல்லாருக்கும் சேஜ் புகை காட்டறது, புகையைக் கையால அள்ளி தலை, நெஞ்சு, கை கால்னு தடவிக்கணும். அப்பறம் கடிகார முள்ளு போற திசையில சுத்தி உள்ள வரணும், எதிர்ப்பக்கமா சுத்தக்கூடாது. நடத்தி வைக்க வந்த பெரியவர் மேற்கு பாத்து ஆரம்பிச்சார், மேற்குல வாக்கின்யான், இடி மழையோட சக்திங்க, வடக்குல சுத்தப்படுத்தற குளிர்காத்தும், அவங்க மக்கள்னே சொல்ற காட்டெருமைகளும், கிழக்குல விடிவெள்ளியும் வெளிச்சமும், தெற்குல செத்தவங்க போற பாதை, பால்வீதியைத் தான் அவங்க அந்தப் பாதைன்னு சொல்றாங்க. அப்பறம் மேல துங்காஷிலா, தாத்தாக்கு, கடைசியா கீழ குனிஞ்சு மண்ணைத் தொட்டு உன்ச்சி மக்காவுக்கு. ஒவ்வொரு திசைக்கும் எல்லாரும் அந்தப் பக்கமே திரும்பி நிக்கணும். பாட்டும் வேண்டுதல் வார்த்தையும் நான் இங்க எழுத மாட்டேன், அது அவர் குடும்பத்தோடது, உங்களுக்கு நடத்தறவர் அவரோடதைப் பாடுவார். நம்ம முறை வரும்போது எந்த மொழியில வேணா வேண்டலாம்னாங்க, நான் தமிழ்லயே சொன்னேன். முடிக்கும்போது "மிதாக்குயே ஒயாசின்"னு சொல்லணும், எல்லாரும் என் சொந்தம்னு அர்த்தம், அந்த எல்லாருல மரம், கல்லு, எறும்பு எல்லாம் அடக்கம். அப்பறம் ஒரு வாளித் தண்ணி சுத்தி வந்துச்சு, கொஞ்சம் மண்ணுக்கு ஊத்திட்டு மிச்சத்தைக் குடிக்கணும். முடிச்சுக் கயித்தை மரத்துல கட்டினாங்க, இறுக்கிக் கட்டாம மரம் வளர இடம் விட்டு.

சாப்பாடு இல்லாம முடியாது. வாஸ்னான்னு காஞ்ச கறியை இடிச்சு கொழுப்பும் சோக்செர்ரியும் சேத்தது, கறி சூப், வோஜாப்பின்னு பெர்ரி பழக் கூழு, ஃப்ரை ப்ரெட், கூடவே கடையில வாங்கின கேக். யாரும் தொடறதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் ஒரு துளி எடுத்து ஒரு தட்டுல வெச்சு வெளிய மரத்தடில படைச்சுட்டாங்க, செத்துப் போனவங்களுக்கு. அப்பறம் பெரியவங்களுக்கு முதல் பந்தி. போகும்போது மிச்சத்தைக் கட்டி எடுத்துட்டுப் போகணும், அதுக்கு வதேச்சான்னு பேரு, அதனால மறக்காம டப்பா எடுத்துட்டுப் போங்க, நான் கொண்டு போகல, ஐஸ்க்ரீம் டப்பால சூப் ஊத்தி கொடுத்தாங்க.

பராமரிப்புன்னு பெருசா ஒண்ணும் இல்ல. துணி வெளுக்கும், கிழியும், அது அப்படித்தான், புதுசு மாத்தணும்னு அவசரப்படாதீங்க. காத்துல கழண்டு கீழ விழுந்ததை உன்ச்சி பொறுக்கி வெச்சு, அடுத்த தடவை நெருப்பு போடும்போது சேஜோட சேத்து எரிச்சுடுவாங்க, குப்பைத் தொட்டில போடறது கிடையாது. ஜூலை ஆகஸ்ட்ல புல்லு காஞ்சு கிடக்கும், கவுன்ட்டில நெருப்பு தடை போட்டிருக்காங்களான்னு ஃபோன் பண்ணி கேட்டுட்டு தான் தணலே போடணும், பக்கத்துல எப்பவும் ரெண்டு வாளித் தண்ணி இருக்கணும். காபி டப்பாவை மூடி போட்டு வீட்டுக்குள்ள எடுத்துட்டு வந்துடுங்க, வெளிய விட்டா நாய் உருட்டிட்டு போயிடும், உன்ச்சி வீட்டு நாய் ரெண்டு டப்பாவை அப்படித்தான் தொலைச்சுது.